செக்போஸ்டில் நான் இறங்கவில்லை

1

போன மாதம் டோவர் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. வயதான அம்மாள், பாவம், என்கிற சிரிப்பு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை இனிமேல் வைத்திருக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

என் மகன் முருகேசனை எழுதச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் நான் சொல்கிறபடி அவன் எழுதமாட்டான். பாதியை அழகாக்குவான், பாதியை விட்டுவிடுவான். இது விடக்கூடாத சங்கதி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தியாகராய நகரில் எங்கள் ஜவுளிக் கடையில் வெளியூர் போகும் மூட்டைகளின் மேல் ஊர்ப் பெயர் எழுதி எழுதிப் படிந்த கை இது. எழுத்து பெரிதாக, தடியாக விழும். பதினைந்து நாளாகப் பகல் சமையலை முடித்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அச்சில் போடுகிறவர்கள் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

மாம்பலம் ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு சந்தில் முப்பது வருஷம் இருந்தேன். அந்தச் சந்தில் இன்றைக்கும் இருக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஜவுளிக்கடை அம்மா என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, யாரிடமும் தலை குனியாமல் வாழ்ந்தோம் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. கணவர் தவறிய பிறகு கடையை அவர் தம்பி பார்த்துக்கொண்டார். மகன் என்னை லண்டனுக்கு அழைத்து வந்துவிட்டான். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

இங்கே என் நாள் இப்படி: வாசலில் பால் பாட்டில் வைத்திருப்பார்கள், எடுத்து வருவேன். மகனும் மருமகள் சாந்தாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேத்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதன் பிறகு சாயங்காலம் வரை இந்த வீட்டில் தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருத்திதான். கேட்பது அடுப்பு.

2

முருகேசன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கோடைக்கு ஒரு தரம் பஸ் அமர்த்தி எல்லாரையும் எங்காவது கூட்டிப் போவார்கள். கூட ஒரு வழிகாட்டியும் வருவார். இந்த வருஷம் கப்பலில் கடல் தாண்டிப் பிரான்சு தேசம். கரையோர ஊர்கள் இரண்டைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். அவர்கள் மூன்று பேருக்கும் இந்த ஊர்ப் பாஸ்போர்ட். எனக்கு மட்டும் நம் நாட்டுப் பாஸ்போர்ட். ஒரு பகல் போய் வருவதற்கு நாலு பக்கம் விண்ணப்பம் கேட்டார்கள். முருகேசன் நிரப்பினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல என்ன எழுதுதே?"

"தொழில் என்னன்னு கேட்டிருக்கான். ஒண்ணும் இல்லைன்னு எழுதறேன்."

"ஒண்ணும் இல்லையா? உங்க ஐயா படுக்கையில கெடந்தப்ப கடைய நடத்தினது ஆருல? ஜவுளி வியாபாரம்னு எழுது."

"அது இப்ப இல்லையேம்மா."

"நான் இருக்கேம்லா?"

அவன் சிரித்துக்கொண்டே கடைசியில் அந்த இடத்தில் 'விதவை' என்று எழுதினான். அது ஒரு தொழில் என்று எனக்கு அதுவரை தெரியாது.

போன அன்று வெயில் நன்றாக இருந்தது. வழிகாட்டி ஒரு நடுவயது வெள்ளைக்காரி. சிவப்புக் குடையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடப்பாள், நாங்கள் அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். முதல் ஊரில் மீன் அங்காடி, ஒரு கோபுரம். இரண்டாவது ஊரில் கோட்டைச் சுவர். அதன் மேல் நின்றால் கீழே கடல், பச்சையும் சாம்பலுமாக. அங்கேதான் தெரு முனையில் ஒரு போலீஸ்காரரைப் பார்த்தேன். மேலே தட்டையாக, டப்பாவைக் கவிழ்த்த மாதிரி, முன்னால் சின்ன மூக்கு வைத்த தொப்பி. எனக்குக் கால் நின்றுவிட்டது.

"சாந்தா, இந்தத் தொப்பிய நான் பாத்திருக்கேன்."

"சினிமாவுலயா அத்தை?"

"பாண்டிச்சேரியில. அங்க இதே தொப்பி செவப்பு."

"ஓ, அப்படியா" என்றாள். குடை நகர்ந்துவிட்டது, அவளும் நகர்ந்தாள்.

திரும்பும்போது எல்லாரும் மதுப் பாட்டில் வாங்கினார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று சட்டமே விட்டிருக்கிறதாம். கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பிரசாதத்தைத் தூக்கி வருகிற மாதிரி, கையில் பாட்டிலோடு சிரித்துப் பேசிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். முருகேசனும் இரண்டு வாங்கினான். டோவரில் இறங்கியதும் நீள மேஜைக்குப் பின்னால் சுங்க அதிகாரி நின்றார். முருகேசன் பையைத் திறந்து பாட்டிலைக் காட்டினான். அதிகாரி அதை ஒரு கையால் தூக்கி, "இது யாருடையது?" என்கிற மாதிரி ஏதோ கேட்டார். எனக்கு அந்த ஆங்கிலம் சரியாகப் புரிந்ததா இல்லையா என்று இப்போதும் தெரியாது. ஆனால் என் கை முன்னால் போய்விட்டது.

"என்னுது" என்றேன். சத்தமாக. அவருக்குப் புரியாதே என்று, "மைன், மைன்" என்றேன்.

அவர் சிரித்தார். பின்னால் நின்ற பஸ் கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஒருவர் கைகூடத் தட்டினார்.

பஸ்ஸில் ஏறின பிறகு முருகேசன் கேட்டான். "எதுக்கும்மா அப்படிச் சொன்னே? அது சட்டப்படி கொண்டு வரலாம்மா."

"தனம் நெனப்பு வந்துட்டுல."

"எந்த தனம்?"

3

எந்த தனம் என்று என் மகன் கேட்டான். அவனுக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

தனம் எங்கள் சந்துக்குப் பின்னால் இருந்த குடிசைகளில் ஒன்றில் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கோபாலபுரத்தில் ஒரு சின்ன ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. கணவருக்கு மகனை இங்கிலீஷ் படிக்க வைக்க வேண்டும் என்று ஆசை, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தோம். தினமும் காலையில் தனம்தான் அவனைக் கூட்டிப் போவாள். மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றால் இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். "கனமா கீறான்க்கா ஒம் புள்ள, சோறு போடறியா கல்லு போடறியா?" என்பாள். அவனுடைய செருப்பு நனையக்கூடாது என்று அதைத் தன் முந்தானையில் முடிந்துகொள்வாள். அந்த முருகேசன்தான், எந்த தனம் என்கிறான்.

அவள் புருஷன் குடிகாரன். கள்ளச் சாராயம் குடித்தே செத்தான். அவன் உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாள் எங்கள் வாசலில் விழுந்து கிடந்தான். நான் குழாயடியில் அத்தனை பெண்களுக்கும் நடுவில் தனத்தை நிற்க வைத்துச் சொன்னேன்: "குடிக்கிறவன் வீட்டுல ஒரு வாய் தண்ணிகூட நான் குடிக்கமாட்டேன், தெரிஞ்சுக்கோ." அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் வழக்கம்போல வந்து முருகேசனைக் கூட்டிப் போனாள்.

என் கணவர் படுத்திருந்த எட்டு மாதமும் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் கடைக்குப் போவேன், அவள் அவரைத் திருப்பிப் படுக்க வைப்பாள். இதற்கு நான் ஏதாவது கொடுக்கப் போனால், "தா, எத்துகினு போ" என்று கையைத் தட்டிவிடுவாள்.

4

லண்டன் வந்த முதல் குளிரில் எனக்கு இருமல் பிடித்தது. விடவே இல்லை. சாந்தா படுக்கப் போகும் முன் வெந்நீரில் சர்க்கரை போட்டு, ஒரு கரண்டி மருந்து விட்டுக் கொடுப்பாள். நெஞ்சு இளகும், தூக்கம் வரும். ஒரு மாதம் கழித்துத்தான் அது பிராந்தி என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. ஒரு கரண்டி இரண்டு கரண்டி ஆயிற்று. மருந்துதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தின மார்கழியில் ஊருக்கு வந்தேன். எங்கள் பழைய வீட்டில், இப்போது அங்கே இருக்கும் மைத்துனர் குடும்பத்தோடு, மூன்று வாரம் இருந்தேன். அப்போது நம் பக்கத்தில் கடைகளை மூடி மறுபடியும் மதுவிலக்கு வந்திருந்த நேரம். பெட்டியில் பிராந்தி கொண்டு வர எனக்கு வெட்கம். வந்து பார்த்தால் மார்கழிப் பனியில் இருமல் பிய்த்துக்கொண்டு போயிற்று. தனம் என் அறையிலேயே வந்து படுத்துக்கொண்டாள், முதுகைத் தேய்த்துவிட்டாள், சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். நின்றால்தானே.

லண்டனுக்குத் திரும்ப ஐந்து நாள் இருக்கும்போது சந்தில் ஒரு சுற்றுலாப் பேச்சு கிளம்பியது. பனகல் பார்க்கிலிருந்து விடிகாலையில் பஸ் புறப்படும், மகாபலிபுரம் பார்த்துவிட்டு எல்லை தாண்டிப் பாண்டிச்சேரி, சாயங்காலம் திரும்பல். சந்தில் பாதிப் பேர் பெயர் கொடுத்தார்கள். நான் எனக்கும் தனத்துக்குமாக இரண்டு சீட்டு எடுத்தேன். அவள் அதுவரை செங்கல்பட்டைத் தாண்டினதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, ஓலைக் கூடையில் புளிச்சோறும் வாழையிலையுமாக வந்து நின்றாள். தலை நிறையக் கனகாம்பரம்.

"ஏட்டி, கல்யாணத்துக்கா போறே?"

"பாண்டிச்சேரி இன்னா சும்மாவா? நாளிக்கி கேட்டா சொல்லணுமே, நா பாரின் அக்காவோட பாரினு போயாந்தேன்னு."

வழிகாட்டி ஒரு தொப்பைக்காரர், கழுத்தில் விசில். ஒவ்வொரு இடத்திலும் விசில் ஊதி எங்களை எண்ணுவார். மகாபலிபுரத்தில் கல் யானையைச் சுற்றி வந்து தனம், "தும்பிக்கய தொட்டுப் பாத்தேன்க்கா, சில்லுனு கீது" என்றாள். பாண்டிச்சேரியில் கடற்கரையை ஒட்டி வெள்ளை வெள்ளையாக வீடுகள், நேர் நேராகத் தெருக்கள், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள். தனம் அந்தத் தொப்பியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னாக்கா இது, தலைல படியக் கவுத்து வச்சிகினு கீறான்!"

பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்து பிரசாதம் வாங்கினோம். பிறகு கடற்கரைச் சுவரில் எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். நான் கடைத்தெருவில் ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். மதுவிலக்கு இல்லாத ஊர், பிராந்திக் கடைக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான், "மருந்துக்கு" என்றேன். அவன் தலையைக்கூடத் தூக்காமல் கால் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தான். அதை என் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டேன். ஓரத்தில் நீலப் பூ போட்ட கைக்குட்டை, சாந்தா தைத்துக் கொடுத்தது.

பஸ் புறப்பட்டதும் வழிகாட்டி எழுந்து நின்று சொன்னார்: "அம்மாமாரே, அய்யாமாரே! எல்லைல செக்போஸ்ட் கீது. வண்டிய நிறுத்தி நோண்டுவாங்க. யாராச்சும் தீர்த்தம் கீர்த்தம் வாங்கியிருந்தா இப்பவே சன்னல் வழியா வுட்டுடுங்க. அப்பால என்னியக் கேக்கக் கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதே சன்னல் வழியாக விட்டிருக்கலாம். சன்னல் பக்கத்துச் சீட்டு என்னுடையதுதான்.

தனம் அப்போது பக்கத்தில் இல்லை. பின்சீட்டில் யாரோ ஒருவருடைய குழந்தை வாந்தி எடுக்க, ஆயா பழக்கம், எழுந்து போய் மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கூடை என் காலடியில் இருந்தது. வெளிநாட்டுக் கைப்பையைத்தான் முதலில் திறப்பார்கள் என்று என் மனசு கணக்குப் போட்டது. ஓலைக் கூடையை யார் பார்ப்பார்கள்? பாட்டிலைக் கைக்குட்டையோடு எடுத்து, புளிச்சோற்றுத் தூக்குக்குக் கீழே செருகினேன். அதன் மேலே வாழையிலை. இலையின் மேலே பிள்ளையார் கோயில் பிரசாதம்: விபூதிப் பொட்டலம், குங்குமம், அருகம்புல், உடைத்த தேங்காய் மூடி. சாமி பிரசாதத்தின் மேல் எந்தப் போலீஸ்காரனும் கை வைக்கமாட்டான் என்று நான் மனசார நம்பினேன். நம் ஊரில் பிறந்து வளர்ந்தவளைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

5

செக்போஸ்டில் விளக்கு வைக்கிற நேரம். இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். ஒருவர் வயதானவர், கையில் பிரம்பு. என் கைப்பையைத் திறக்கச் சொன்னார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "லண்டனாம்மா? சரி சரி, வச்சுக்குங்க" என்றார். பிரம்பால் கூடையைத் தட்டினார்.

"இது யாருது?"

பின்சீட்டிலிருந்து தனம் குரல் கொடுத்தாள். "என்னுதுதான் சார். புளிசோறு மிச்சம் கீது, துன்றியா?"

பஸ் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே குனிந்தார். பிரசாதத்தைப் பார்த்ததும் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு சிட்டிகை நெற்றியில் பூசிக்கொண்டு, பொட்டலத்தையும் தேங்காய் மூடியையும் மரியாதையாக என் மடியில் வைத்தார். அப்புறம் வாழையிலையைத் தூக்கினார். தூக்கை நகர்த்தினார்.

பாட்டிலை எடுத்தபோது கைக்குட்டை அவிழ்ந்து கீழே விழுந்தது.

தனம் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். குனிந்து கைக்குட்டையை எடுத்தாள். அதை முந்தின வாரம் அவள்தான் துவைத்துக் காயப் போட்டாள். நீலப் பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணிமைக்கிற நேரம்தான். கைக்குட்டையைச் சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது யாருது?" என்று போலீஸ்காரர் மறுபடி கேட்டார். இந்த முறை சிரிப்பில்லை.

"கூட என்னுதுன்னா உள்ள கீறது வேற யாருதா இருக்கும்? என்னுதுதான் சார்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன் என்று மூன்று வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். என் கை முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தது. பிடித்தபடியே இருந்தது. போலீஸ்காரர் இறங்கச் சொன்னார். தனம் என்னைத் தாண்டிப் போகும்போது குனிந்து, கூடையை எடுக்கிற மாதிரி, காதோடு சொன்னாள்:

"குந்துக்கா. ஒனக்கு பாஸ்போட்டு கீது, பிளேனு கீது. பேர எய்திகினானுங்கன்னா இங்கியே நிறுத்திப்புடுவானுங்க. நா எங்க போவப் போறேன்?"

இறங்கினாள். சன்னல் வழியாகப் பார்த்தேன். சாவடி மேஜை மேல் ஒரு விளக்கு. அதற்கு முன்னால் தலை நிறையக் கனகாம்பரத்தோடு தனம் நின்று பேர், ஊர், தெரு எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

முன் சீட்டிலிருந்து ஒரு மாமி தன் அகமுடையானிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "ஆம்படையான் குடிச்சுக் குடிச்சே போனான். இவளுக்குப் புத்தி வந்துதா பாருங்கோ. குழந்தைகளைப் பாத்துக்கற ஆயாவாம்!"

வழிகாட்டி விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு, "நம்ம வண்டிக்கே கெட்ட பேரும்மா" என்று புலம்பினார்.

தனம் திரும்பி வந்தபோது இடது கட்டை விரல் மசியில் நீலமாக இருந்தது. வாழையிலையில் துடைத்தாள். போகவில்லை. பஸ் ஓடத் தொடங்கி வெகு நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

"இருமலுக்கா?"

"ஆமாட்டி."

"சொல்லியிருந்தா முந்தானைல முடிஞ்சி எத்துகினு வந்திருப்பேன். என்னியப் போயி எவன் தொடப் போறான்?" அவளாகவே சிரித்தாள். "ஒரு காலத்துல கொழாயாண்ட இன்னா பேச்சு பேசின நீ!"

அவள் அதை மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மறக்காமலேதான் என் பிள்ளையைச் சுமந்திருக்கிறாள்.

6

எனக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

மறுநாள் காலை குழாயடிச் சத்தத்தில் முழித்தேன். மாடி சன்னலில் நின்று கேட்டேன்.

"வழி விடுங்கடி, சாராய ராணி வர்றா!"

"ஆமாண்டி," என்றாள் தனம். "ஒனக்கும் ஒரு பாட்டில் எத்துகினு வரவா? கொடத்த நவுத்து."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சன்னலைச் சாத்தினேன். நான் எவள் புருஷனைப் பற்றிப் பேசினேனோ அவளுக்கு அதே இடத்தில் அந்தப் பெயர். நாலு படி இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜவுளிக்கடை அம்மா குடிக்கிறாள் என்று அவர்கள் சொல்வார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. போலீஸ், பாஸ்போர்ட், விமானம் என்பதெல்லாம் தனம் எனக்குக் கொடுத்த சாக்கு. அதை வசதியாகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையிடமாவது சொல்லிவிடுவோம் என்று ரிக்‌ஷா பிடித்துக் கோபாலபுரம் போனேன். அந்தத் தெரு எப்போதும்போல அமைதியாக இருந்தது. பள்ளிக்கூட வாசலில் தனம் ஒரு குழந்தையின் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது. வேலையில்தான் இருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை, நாமாக ஏன் கிளற வேண்டும் என்று நினைத்தேன்.

ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, எறங்கலயா?"

"இல்லப்பா. வண்டியத் திருப்பு."

புறப்படுகிற அன்று தனம் மீனம்பாக்கம் வரை வந்தாள். என் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்து அழுத்தினாள். "அந்த ஊர்ல மூக்கு ஒய்கிகினே இருக்குமே" என்றாள். உள்ளே அந்தக் கைக்குட்டை. துவைத்து, கஞ்சி போட்டு, நீலப் பூ மேலே தெரியும்படி மடித்திருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து மைத்துனர் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சாவடியில் எழுதினது கோர்ட்டு காகிதமாகச் சந்துக்கு வந்ததாம். அதைக் கேள்விப்பட்ட யாரோ பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல, குழந்தைகள் இருக்கிற இடம், இனி வேண்டாம் என்று தனத்தை நிறுத்திவிட்டார்களாம். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது அதே குடிசையிலிருந்து திருவல்லிக்கேணிக்கு, ஒரு மெஸ்ஸில் மாவாட்டப் போகிறாள் என்று எழுதியிருந்தது.

நான் பதில் எழுதினேன். இங்கே பனி பெய்கிறது என்று எழுதினேன். தனத்துக்குக் கடையிலிருந்து நல்ல சேலை ஒன்று கொடுக்கச் சொன்னேன். அதற்கு வந்த பதிலில், சேலையை வாங்கிக்கொண்டாள் என்றும், "அக்காவுக்கு இருமல் எப்படி கீது?" என்று கேட்டாள் என்றும் இருந்தது.

7

இருமல் இன்னும் இருக்கிறது. அந்தக் கரண்டியை டோவர் போய் வந்த அன்றோடு நிறுத்திவிட்டேன். அது பெரிய காரியம் இல்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் திரும்பி வராது.

முருகேசனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சின்ன விஷயம்மா, அங்க எல்லாரும் மறந்திருப்பாங்க" என்றான். பேத்தி, "பாட்டி, ஒரே ஒரு பாட்டிலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. டோவரில் என் மகனுடைய இரண்டு பாட்டிலுக்கு முன்னால் நான் கை நீட்டி என்னுது என்றேன். அங்கே அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாத வார்த்தை, வேண்டாத இடத்தில் வந்து விழுந்தது.

அதனால் மாம்பலம் ஸ்டேஷனுக்கு மேற்கே, எங்கள் சந்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். யாராவது இதைக் கோபாலபுரத்துப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள். அவர்கள் தனத்தைத் திரும்பக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ, தெரிந்திருக்க வேண்டும். தனத்துக்குப் படிக்கத் தெரியாது. அதற்காக அவளைத் தனியாகக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். காலையில் தண்ணீர் வருகிற நேரம், எல்லாக் குடமும் வரிசையில் இருக்கும்போது, குழாயடியில் நின்று சத்தமாகப் படியுங்கள். நான் அவளைப் பேசினது அங்கேதான். அவளுக்குப் பெயர் வைத்ததும் அங்கேதான்.

முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு வரி போதும். மூட்டையின் மேல் எழுதுகிற மாதிரிப் பெரிதாக எழுதியிருக்கிறேன்: அந்தப் பாட்டில் ஜவுளிக்கடை சண்முகவடிவுடையது.

தனம் அங்கே இருந்தால் நடுவில் வந்து, "அட வுடுங்கடி, அதுக்கு இன்னா இப்ப" என்று கையை ஆட்டித் தடுப்பாள். நிறுத்தாதீர்கள். படியுங்கள்.